கிளாரினெட்டுக்கு நான் செய்த திருத்தம்

கோல் மேலே போனது. மண்டபத்தில் இருந்த இருபத்தைந்து பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். நான் கடைசியில், தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்தில், தாளில் பிழை வந்தால் சுரண்டித் திருத்த மடியில் ஒரு பிளேடும் மைக்கூடுமாக உட்கார்ந்திருந்தேன்.

தெற்கு லண்டனில் ஒரு தேவாலயத்து மண்டபம். மாசிக் குளிர். நனைந்த கோட்டுகளின் வாடையும் தரைக்குப் பூசிய மெழுகின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. கோல் பிடித்து இசைக்குழுவை நடத்தியவர் உயரமான, மெலிந்த மனிதர். அவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் நம் ஊரில் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவருக்கு உரியது. அதனால் கோல்காரர் என்றே சொல்லிவிடுகிறேன்.

கோல் இறங்கியது. முதலில் வயலின்கள். அவர்கள் முன்னால் இருந்த தாள்கள் எல்லாம் என் கையால் எழுதியவை. நான் மையில் வைத்த ஒவ்வொரு புள்ளியும் சத்தமாக எழும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு செலோக்கள். அதுவும் சரி.

பிறகு கிளாரினெட் நுழைந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது தம்புராவை யாரோ வேறு சுருதிக்கு முறுக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். அவரவர் வழியில் இருவரும் சரி. சேர்ந்தால் பல் கூசும்.

கோல்காரர் கையை நிறுத்தினார். "கிளாரினெட் தாளில் என்ன நடந்திருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டார். பதில் அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது இசையை அல்ல. கொழும்பில் ஒரு லொட்ஜின் மாடிப்படியில் நிற்கும் என் கணவரை. அது ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பயத்தில் சொன்ன ஓம்

எண்பதுகளின் கடைசிப் பகுதி. தெற்கு லண்டனிலேயே டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தேன். கீழே கருவாட்டுப் பெட்டி திறந்தால் மேலே என் தலையணை மணக்கும். ஒரு முதியோர் இல்லத்தில் துணி மடிக்கும் வேலை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வயலின் படித்ததை இங்கே யாரிடம் சொல்ல?

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்தேன். சரிகமவைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். என் எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதை ஒருநாள் தேவராஜ் அங்கிள் பார்த்தார். நோர்பரியில் இருந்த மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே கணக்காளராகத் தங்கிவிட்டவர். அவருடைய மகள் என் வகுப்பில் இருந்தாள்.

"என்னம்மா, இவ்வளவு அழகா எழுதறீங்க! நம்ம கிளையண்ட் ஒருத்தங்க இருக்காங்க. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நோட்டு எழுதிக் கொடுக்கிற ஆபீஸ். ஆள் தேடறாங்க. மியூசிக் படிக்கத் தெரியும்தானே?"

"ஓம் அங்கிள்."

அவர் கேட்டது எந்த இசையெழுத்து என்று எனக்குப் புரியாமல் இல்லை. எனக்குத் தெரிந்தது சரிகம. அவர் கேட்டது ஐந்து கோட்டில் குந்தியிருக்கும் வெள்ளைக்காரப் புள்ளிகள். அதை கொன்வென்ட் பியானோவில் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. தெரிந்தேதான் ஓம் என்றேன். எனக்கு நல்ல வேலை ஒன்று உயிர்போகும் அவசரமாகத் தேவைப்பட்டது.

அலுவலகத்தை நடத்தியவர் மார்கரெட். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் மை. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். "இசை வாசிப்பாயா?" என்று கேட்டார். வாசிப்பேன் என்றேன். ஒரு பக்கத்தைத் தந்து, பார்த்து எழுதச் சொன்னார்.

எழுதினேன் என்று சொல்லக்கூடாது. படம் வரைவது போல வரைந்தேன். ஒரு புள்ளிக்கும் அர்த்தம் தெரியாது. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிழை இல்லை. "ஆறு மாதம் பார்ப்போம். சரியாக இருந்தால் நிரந்தரம்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் சந்தோஷப்படவில்லை. எந்த நாள் பிடிபடுவேன் என்றுதான் யோசித்தேன்.

முதல் பாகம் மட்டும்

வேலை இதுதான். இசையமைப்பாளர் எல்லா வாத்தியங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே பெரிய பிரதியில் எழுதித் தருவார். அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் எழுதிக் கொடுக்கவேண்டும். வெறும் படமாக எத்தனை நாள் வரைவது? டூட்டிங் நூலகத்துக்கு ஓடினேன்.

மேல்நாட்டு இசையெழுத்து எப்படிப் பிறந்தது என்று இரண்டு பாகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. முதல் பாகம் தட்டில். இரண்டாம் பாகத்தை யாரோ இரவல் எடுத்துப் போயிருந்தார். அந்தப் புண்ணியவான் இன்றைக்கு வரைக்கும் திருப்பிக் கொடுத்தாரோ தெரியாது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் அ, ஆ படிக்க ஆயிரம் வருடம் பின்னால் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் என்ன புத்தகம் அது! தொடக்கத்தில் கோடே இல்லையாம். துறவிகள் பிரார்த்தனைச் சொற்களுக்கு மேலே சின்னச் சின்னக் கீறல்கள் போட்டிருக்கிறார்கள். குரல் ஏறினால் மேலே ஒரு இழுப்பு, இறங்கினால் கீழே ஒன்று. எவ்வளவு ஏறவேண்டும், எங்கே தொடங்கவேண்டும் என்று அது சொல்லாது. பாட்டு ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். என் வயலின் கொப்பியும் அப்படித்தான். அதில் கமகம் எங்கே எழுதியிருக்கிறது?

பிறகு யாரோ எழுதும் தோலில் மை இல்லாமல் ஒரு கோடு கீறினார். அந்தக் கோட்டுக்கு மேலே, கீழே என்று சுரத்துக்கு ஒரு இடம் கிடைத்தது. பிறகு ஒரு சுரத்துக்குச் சிவப்புக் கோடு, இன்னொன்றுக்கு மஞ்சள் கோடு. கோட்டின் தலைப்பில் அது எந்தச் சுரம் என்று ஓர் எழுத்து. அந்த எழுத்துகள்தான் கை மாறி மாறி வளைந்து, இன்றைக்குத் தாளின் தொடக்கத்தில் சுருண்டு நிற்கும் அடையாளங்களாகின.

கோடுகளை ஒழுங்குபடுத்தியதில் ஓர் இத்தாலியத் துறவிக்குப் பெரிய பங்கு. கேள்விப்படாத பாட்டையும் தாளைப் பார்த்துப் பாடலாம் என்று காட்டியவர். அதற்குப் பரிசாகக் கூட இருந்தவர்களின் பொறாமை தாங்காமல் மடத்தை விட்டே போகவேண்டி வந்ததாம். அந்தப் பக்கத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வெளிக்கிட்டு வந்தவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும்.

இன்னொரு பக்கத்தில் ஓர் உள்ளங்கைப் படம். விரல் ரேகைகளில் எல்லாம் சுரங்களின் பெயர். துறவிகள் பிள்ளைகளுக்குக் கையைக் காட்டியே பாடச் சொல்லிக்கொடுத்தார்களாம். நாம் தாளம் எண்ணும் அதே விரல் ரேகைகள். பஸ்ஸில் அதைப் பார்த்துவிட்டு என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

நாலு கோடு ஐந்தாகியது. சதுரப் புள்ளிகள் உருண்டையாகின. கறுப்புப் புள்ளி, உள்ளே வெள்ளையான புள்ளி என்று சுரத்தின் நீளமும் எழுத்தில் ஏறியது. அந்த வரிசையிலேயே நானும் கற்றேன். நாலு மாதத்தில் எழுதுவதை மனதுக்குள் பாடவும் முடிந்தது. முதல் பாகம் முடிந்த இடத்தில் என் படிப்பும் முடிந்தது. கிளாரினெட் என்ற வாத்தியம் பிறந்தது அதற்குப் பிறகு.

லொட்ஜ் மாடிப்படி

எனக்கு ஏன் அந்த அவசரம் என்று சொல்கிறேன். என் கணவர் சிவம் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். ஊருக்குத் திரும்ப ஏலாது. கொழும்பிலோ கிழமைக்கு ஒரு சுற்றிவளைப்பு. தமிழ் ஆண் என்றால் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய் விசாரிப்பார்கள். சிலர் அடுத்த நாள் வருவார்கள். சிலர் வரமாட்டார்கள்.

அவரைக் கூப்பிட எனக்கு வழி இருந்தது. இந்த நாட்டில் நாலு வருடம் முடியவேண்டும். நிரந்தர வேலை இருக்கவேண்டும். பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம் எடுத்திருக்கக் கூடாது. "நிரந்தரம் என்ட சொல்லோட வேலைக் கடிதம் கொண்டு வாங்கோ தங்கச்சி. அது இல்லாம ஒண்டும் நடக்காது" என்று என் வழக்கறிஞரான சொலிசிட்டர் சொல்லியிருந்தார். நாலு வருடம் முடிகிற மாதத்தில்தான் என் ஆறு மாதமும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனைப் பெட்டியில் இருந்து லொட்ஜுக்கு போன் எடுப்பேன். முதலாளி எடுத்து, மாடியைப் பார்த்து "சிவம்!" என்று கத்துவார். மரப்படியில் கால் சத்தம் கேட்கத் தொடங்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது. படி பத்தொன்பது. எண்ணியே பழகிவிட்டேன். பத்தொன்பதாவதுக்குப் பிறகு அவர் குரல்.

"இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை. நீர் சாப்பிடுறீரோ?"

"ஓம். அடுத்த மாதம் கடிதம் கிடைச்சிடும். வெளியில போகாதேங்கோ."

"நான் எங்க போறன்? கடைக்கும் லொட்ஜ் பெடியன்தான் போறவன்."

இவ்வளவுதான் பேச்சு. இதற்காக ஒரு கிழமை காத்திருப்பேன்.

இரண்டு ஷார்ப்

அந்த மாதத்தில்தான் பீட்டரின் பிரதி வந்தது. பீட்டர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். நாற்பது வயது, முன்தலை வழுக்கை, காற்சட்டை நுனியில் எப்போதும் சைக்கிள் கிளிப். அவர் எழுதியதை ஓர் இசைக்குழு வாசிக்கச் சம்மதித்தது அதுதான் முதல்முறை. பென்சிலால் எழுதியிருந்தார். எல்லாத் தாளையும் தனியாக எழுதும் பொறுப்பை மார்கரெட் முதல்முறையாக என்னிடம் தந்தார். அதுவரைக்கும் எனக்கு வந்தவை வயலின், செலோ தாள்கள்தான்.

பாதி வழியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மற்ற எல்லா வாத்தியத்துக்கும் கோட்டின் தொடக்கத்தில் ஒன்றும் இல்லை. கிளாரினெட்டுக்கு மட்டும், சுரத்தை அரைப் படி ஏற்றும் ஷார்ப் குறி இரண்டு. அதன் சுரங்களும் மற்றவர்களுடையதைவிட ஒரு படி மேலே இருந்தன.

பாவம் மனிசன், பிழை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஒரு மேடைக்கு ஒரு சுருதி. பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு யாராவது கச்சேரி செய்வார்களா? பதினொரு வருடப் படிப்பில் எனக்குச் சந்தேகமே வராத விஷயம் இது ஒன்றுதான்.

மார்கரெட் அடுத்த மேசையில்தான் இருந்தார். கேட்டிருக்கலாம். கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் கடிதம் போய்விடும். ஆகவே கேட்கவில்லை. கிளாரினெட்டின் பதினான்கு பக்கத்தையும் ஒரு படி கீழே இறக்கி, மற்றவர்களோடு ஒரே சுருதியில் சேர்த்து எழுதினேன். இரண்டையும் ஒப்பிட்டு யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று, பீட்டரின் பிரதியில் இருந்த அந்த இரண்டு ஷார்ப்பையும் பக்கம் பக்கமாக அழிறப்பரால் அழித்தேன்.

மண்டபத்தில் அந்தச் சத்தம் கேட்டவுடனேயே விளங்கிவிட்டது. கிளாரினெட்டில் ஒரு சுரத்தை ஊதினால் அதற்கு ஒரு படி கீழேதான் ஒலிக்கும். குழலின் அமைப்பு அப்படி. அதற்காகத்தான் ஒரு படி மேலே தூக்கி எழுதுவார்கள். காதுக்கு ஒரே சுருதியாக வரவேண்டும் என்றுதான் கண்ணுக்கு இரண்டாக எழுதியிருந்தார் அந்த மனிசன்.

என் பிழைதான்

"கிளாரினெட் தாளில் என்ன நடந்திருக்கிறது?"

நான் வாய் திறக்கமுதல் பீட்டர் எழும்பிவிட்டார். முன்வரிசையில் தன் பிரதியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். பக்கத்தைத் தடவினார், அடுத்ததைத் திருப்பினார், அதற்கடுத்ததையும் திருப்பினார். காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"என் பிழைதான். குறியைப் போடவே மறந்திருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும். எழுதியவர் பாவம், குறி இல்லாததால் ஊகித்து ஒரு படி இறக்கி எழுதியிருக்கிறார். எல்லாரும் மன்னிக்கவேண்டும்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். கிளாரினெட் வாசித்த நரைத்த தலை அம்மா, "பரவாயில்லை, நான் ஒரு படி தூக்கி வாசிக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்த பார்வையில் தூக்கி வாசித்தார். இசை ஓடியது. நான் பிளேட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். தப்பிவிட்டேன் என்று உடம்பு சொன்னது. வெட்கமில்லாமல் அதை நம்பினேன்.

தேநீர் இடைவேளையில் மார்கரெட் வந்தார். கைப்பையில் இருந்து நீள உறை ஒன்றை எடுத்துத் தந்தார். "நீ கேட்ட கடிதம். போகும் வழியில் உன் சொலிசிட்டரிடம் கொடுத்துவிடு."

பிரித்துப் பார்த்தேன். நிரந்தரம் என்ற சொல் இருந்தது. கோட்டின் உள்பையில் வைத்தேன். காகிதம் நெஞ்சில் இடித்தது.

அப்போது பீட்டர் என் பக்கத்தில்தான் நின்றார். குடிக்காத தேநீரைப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிளாரினெட் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "பக்கத்துக்குப் பக்கம் மறந்திருக்கிறேன். போட்ட ஞாபகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. என் தலையையே இனி நம்ப ஏலாது போல. இதோடு போதும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தோடு நின்றிருக்கவேண்டும்."

நான் நல்லவள் என்பதால் பேசினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு நிமிஷம் முழுவதும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். வெள்ளவத்தைப் படிகளை ஒன்று, இரண்டு என்று விரல் ரேகையில் எண்ணினேன். பதினொன்றில் என்னவோ தடுக்கியது. அவர் இன்னும் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றார். செய்யாத பிழையைத் தேடி ஒரு மனிதர் தன் மூளைக்குள் துழாவிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை.

"நீங்கள் மறக்கவில்லை" என்றேன். "நான் அழித்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வாசிக்கத் தெரியும் என்று சொன்ன பொய், முதல் பாகம், ஒரு சுருதி, அழிறப்பர்.

பீட்டர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தார். பென்சில் பதிந்த பள்ளம் தாளில் மெல்லத் தெரிந்தது. "போட்டிருந்தேனா?" என்றார். "ஓம், போட்டிருந்தீர்கள்" என்றேன், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதே நினைவில்லாமல். அவருக்கு விளங்கியது.

மார்கரெட் கையை நீட்டினார். "அந்தக் கடிதம்."

எடுத்துக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பிழையாக எழுதுவது வேறு. அழிப்பது வேறு. வேலைக்கு வா. இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்" என்றார். உறையைப் பைக்குள் வைத்து மூடினார். அந்தப் பையின் கொளுக்கி விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஆறு மாதம்

மார்கரெட் சொன்ன சொல் தவறவில்லை. ஆறாவது மாத முடிவில் அதே சொல்லோடு கடிதம் தந்தார். ஆனால் அதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லொட்ஜ் முதலாளி "சிவம்!" என்று கத்தவில்லை. "பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் தங்கச்சி" என்றார்.

இருபத்திமூன்று நாளுக்குப் பிறகு விட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அடுத்த வருடம் விமான நிலையத்தில் கூட்டத்துக்குள் அவரைக் கண்டு, இடது பக்கமாக ஓடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். மூன்றாம்முறை கையைப் பிடித்த பிறகுதான் திரும்பினார்.

இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பாதி.

கடிதம் ஏன் பிந்தியது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்காக. கோலியர்ஸ் வுட்டில் வீடு எடுத்தோம். தொண்ணூறுகள் பாதி கழிந்துவிட்டன. நான் வயலினை எடுத்தால் வலது காது என் பக்கம் வரும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அந்த நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டால் என் வில் நடுங்கும். ஒரு நாள் யாராவது சொல்லிவிடுவார்கள், மார்கரெட்டின் கணக்கைப் பார்க்கும் தேவராஜ் அங்கிள் வாய் தவறிவிடுவார் என்று பயம். அதைவிட, அவர் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவார் என்ற பயம்.

ஒருமுறை காதுப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினோம். இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் மேல்தட்டில் அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்தேன். அந்தக் காதுக்குக் கிட்டே வாயை வைத்து, மண்டபத்தில் இருந்து உறை பைக்குள் போனது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். "நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா நீங்கள் ஆறு மாதம் முந்தியே வந்திருப்பியள்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரிப்பிடம் போயிற்று.

"அந்த மனிசன் பிறகும் எழுதினவரோ?" என்று கேட்டார்.

"ஓம். இப்பவும் எழுதிறார். நான்தான் தாள் எழுதிக் குடுக்கிறன்."

"அப்ப சரி."

எங்கள் தரிப்பிடம் வந்தது. எட்டி மணியை அழுத்தினார். அடித்ததா என்று என் முகத்தைப் பார்த்தார். அடித்தது என்று தலையாட்டினேன்.